உப்பளக் கரை – 17: ஆல்பம் போடாத குழுக்கள்

போன வாரம் சீறியாழோடு நடந்துவந்த பாணனை எயிற்பட்டினத்தில் நிறுத்தியிருந்தோம். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் பக்கத்து இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். வழி சொல்வதில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும் இங்கே கிடைக்கும், உண்டுவிட்டு வேலூர், ஆமூர் வழியே கிடங்கிலுக்குப் போ என்கிறார். வேலூர் என்றதும் கோட்டை வேலூர் நினைவுக்கு வரவேண்டாம், இது உப்புவேலூர். கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டிய ஊர். இவ்வளவு சொல்கிற பாட்டில், நடந்த அந்தப் பாணனின் பெயர் இல்லை. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் பெயர் நின்றது, நத்தத்தனார் பெயர் நின்றது. யாழ் வாசித்தவன் போன இடம் தெரியவில்லை.

இந்த வாரம் பல நூற்றாண்டுகளைத் தாண்டிவிடலாம். இப்போதைய பாணர்கள் மினி லாரியில் வருகிறார்கள்.

ஆடி மாதம் இந்தக் கரை ஊர்களில் கூழ் ஊற்றும் நாளில் மேடை போடுவார்கள். தகரப் பந்தல், சீரியல் செட், ஓரத்தில் ஜெனரேட்டர். மேடையில் இரண்டு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு பேஸ் கிட்டார், வசதியான குழுவென்றால் டிரம்ஸும் உண்டு. இங்கிலாந்தில் இதே கருவிகளோடு நான்கு பேர் நின்றால் எலக்ட்ரானிக் ராக் குழு என்று பெயர். மரக்காணத்தில் ஆர்கெஸ்ட்ரா. கீபோர்டுக்காரர் முதலில் செய்கிற காரியம் வயர்களின் ஜாக் பின்னை ஒவ்வொன்றாகத் துணியால் துடைப்பதுதான். உப்பளத்துக் காற்றில் ஜாக் பின் சீக்கிரம் கறுத்துவிடும். துடைக்காமல் செருகினால் அம்மன் பாட்டின் நடுவில் ஸ்பீக்கர் ‘கர்’ரென்று உறுமும். கச்சேரி தொடங்கும்வரை கீபோர்டின் மேல் ஒரு குளியல் துண்டு கிடக்கும். பாடகி மேல் ஸ்தாயியில் தவித்தால் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்துவார்; சுருதி இறங்கிவிடும். பாடகியும் நன்றியோடு பார்ப்பதில்லை, கூட்டமும் கவனிப்பதில்லை.

அந்தக் கருவி இந்த மேடைக்கு வந்த வழியைப் பார்க்க, முதலில் தேம்ஸ் ஆற்றின் கழிமுகப் பக்கம் போய்வர வேண்டும்.

லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பாசில்டன் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லண்டனின் நெரிசலைக் குறைக்க அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டிய புதுநகரம். எஸ்ஸெக்ஸும் உப்புக்குப் பேர்போன கரைதான்; மால்டன் உப்பு அங்கிருந்துதான் வருகிறது. 1980இல் பாசில்டன் பையன்கள் நால்வர் டெபேஷ் மோட் என்று ஒரு குழு தொடங்கினார்கள். மார்ட்டின் கோர் வங்கி குமாஸ்தா. ஆண்டி ஃபிளெட்சர் இன்சூரன்ஸ் கம்பெனி ஊழியர். கருவிகள் சிறியவை என்பதால் சிந்தசைசரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலிலேயே கச்சேரிக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே முதல் ஆல்பம். பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிய வின்ஸ் கிளார்க் உடனே விலகியும் குழு உடையவில்லை. கோர் எழுத ஆரம்பித்தார், ஆலன் வைல்டர் வந்து சேர்ந்தார். 1983 ஆல்பத்துக்காகக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் இரும்பையும் தகரத்தையும் தட்டிப் பதிவுசெய்து, அதையே தாளமாக்கினார்கள். 1988 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் திரண்டார்கள். பிறகு கிட்டாரைக் கையில் எடுத்து ராக் பக்கம் நகர்ந்தது, பாடகர் டேவ் கான் போதையில் விழுந்து 1996இல் செத்துப் பிழைத்தது, 2022இல் ஃபிளெட்சர் இறந்தது எல்லாவற்றையும் தாண்டி, 2023இல் பதினைந்தாவது ஆல்பம் வெளியானது. இப்போது மிச்சம் இரண்டே பேர். ஆனாலும் அதே பெயர்.

சிந்தசைசர் வந்தபோது அங்கே எல்லோரும் கைதட்டவில்லை. 1982இல் இங்கிலாந்து இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானமே போட்டது. ஒரு பாடகரின் சுற்றுப்பயணத்தில் வயலின்காரர்கள் உட்காரவேண்டிய இடத்தில் சிந்தசைசர் உட்கார்ந்ததுதான் காரணம். வயிற்றுப் பிரச்சினை, தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டெபேஷ் மோட் ஐந்தாவது ஆல்பம் வெளியிட்ட 1986இல்தான் கோடம்பாக்கத்தில் ‘புன்னகை மன்னன்’ வந்தது. பாலசந்தர் படம், இளையராஜா இசை. கம்ப்யூட்டர் இசை என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கருவிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பத்தொன்பது வயது திலீப் குமாரும் ஒருவர். திலீப்பின் அப்பா ஆர்.கே. சேகர், மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், பலருக்கு இசை நடத்துநராக இருந்தவர். 1976இல் அவர் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அப்பா சேர்த்து வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அம்மா குடும்பத்தை ஓட்டினார். கீபோர்டு அந்த வீட்டுக்கு நாகரிகப் பொருளாக வந்ததல்ல. அரிசி வாங்கிக் கொடுத்த பொருள் அது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எம்.எஸ்.வி., இளையராஜா, ராஜ்–கோட்டி என்று பலரிடம் வாசித்தார் திலீப். வேலை முடிந்தால் நண்பர்களோடு சொந்தக் குழு. ரூட்ஸ் என்று ஒன்று: டிரம்ஸில் சிவமணி, கிட்டாரில் ஜான் அந்தோணி, கூடவே சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. நெமசிஸ் அவென்யூ என்று ஒரு ராக் குழுவும் தொடங்கினார்.

இரண்டு குழுக்களுமே தங்கள் பெயரில் ஒரு தமிழ் ராக் ஆல்பத்தை நம் கையில் கொடுக்கவில்லை. பாசில்டன் பையன்களுக்கு இருந்த திறமை இவர்களுக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பின்னால் நடந்ததே சாட்சி. இல்லாமல் போனது சந்தை. இங்கிலாந்தில் டேனியல் மில்லர் என்பவர் மியூட் என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனியை வைத்துக்கொண்டு நான்கு பையன்களை நம்பிப் பணம் போட்டார். வாரா வாரம் விற்பனைப் பட்டியல், அதைப் படிக்கப் பத்திரிகைகள், ஊருக்கு ஊர் கிளப்புகள் என்று ஒரு குழுவின் பெயரைத் தூக்கி நிறுத்த ஆயிரம் கைகள். இங்கே கேசட் கடை என்றால் சினிமாப் பாட்டு, அதை விட்டால் பக்திப் பாட்டு. அதிலும் முன்னட்டையில் நடிகர் படம், இசையமைப்பாளர் பெயர். வாசித்தவன் பெயர் எங்குமில்லை. கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு ஆல்பம் போட ஸ்டூடியோ வாடகை யார் கொடுப்பது? ‘ரோஜா’ படத்துக்கு முன்பே மால்குடி சுபா பாட, ‘செட் மீ ஃப்ரீ’ என்று ஓர் ஆங்கில ஆல்பத்துக்கு இசையமைத்தார் திலீப். வந்ததே பலருக்குத் தெரியாமல் போயிற்று.

குழு கரைந்தது, ஆனால் சத்தம் சினிமாவுக்குள் போய்ச் சேர்ந்தது. விளம்பரங்களுக்கு இசையமைத்துவந்த காலத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டூடியோ எழுந்தது. அதற்குள் திலீப், ஏ.ஆர். ரஹ்மான் ஆகியிருந்தார். 1992 ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’. ‘ஜென்டில்மேன்’ படத்தின் ‘சிக்கு புக்கு’ பாட்டிலும் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’பிலும் கேட்கிற சுரேஷ் பீட்டர்ஸின் குரல் பழைய குழுவின் குரல்தான். சிவமணியின் தாளம் எங்கெங்கே இருக்கிறதென்று எண்ணப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. ரூட்ஸ் என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டால் ரூட்ஸ் எங்கும் போய்விடவில்லை.

மரக்காணத்துக்கு அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தின் டேப்பிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும். அதற்கு முந்தைய கச்சேரிக் குழு என்றால் ஆர்மோனியம், தபலா, டோலக், பாங்கோஸ், முடிந்தால் ஓர் அக்கார்டியன். ‘ரோஜா’வுக்குப் பிறகு அந்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு ‘சின்னச் சின்ன ஆசை’ வாசித்தால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? படத்தில் கேட்ட சத்தம் அப்படியே வேண்டும் என்பதுதான் கிராமத்து மேடையின் முதல் சட்டம். அதனால் கீபோர்டும் ரிதம் பேடும் கட்டாயமாயின. தபலாக்காரர்களில் சிலர் குச்சியைக் கையில் எடுத்துப் பேடுக்கு மாறினார்கள். மாற முடியாதவர்கள் பஜனைக்குப் போனார்கள், அல்லது வீட்டிலிருந்தார்கள். அவர்களுக்காக லண்டன் சங்கம் போல யாரும் தீர்மானம் போடவில்லை.

இந்தக் கரையின் அம்மன் கோயில் வாத்தியம் பம்பையும் உடுக்கையும். இப்போது பேடில் ஒரு கட்டத்தைத் தட்டினால் பம்பை, இன்னொன்றைத் தட்டினால் உடுக்கை. சாமி வரவழைக்கும் பாட்டு மேடையில் ஓடும்போது, கீழே பந்தல் காலில் சாய்ந்தபடி அசல் பம்பைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கரகம் புறப்படும்போதுதான் அவர்கள் முறை. இதைப் பார்த்து அழுகிற கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு வேறு தோன்றுகிறது. பேடில் தட்டிய பம்பைக்கு ஜனங்கள் விசிலடிப்பார்கள், ஆனால் யாருக்கும் அருள் வராது. கரகத்துக்கு முன்னால் தோல் அதிர்ந்தால்தான் வரும். எது எதற்கு என்று ஊருக்குத் தெரிந்தே இருக்கிறது.

மேடையிலிருந்து மறுபடி ரஹ்மானிடம் போகலாம். 2011இல் அவர் கடைசியில் ஒரு ராக் குழுவின் உறுப்பினராகவே ஆல்பம் போட்டார். சூப்பர்ஹெவி என்று பெயர். ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகர், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி, யூரித்மிக்ஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் ஜோடியில் பாதியான டேவ் ஸ்டூவர்ட், இவர்களோடு ரஹ்மான். ஜமைக்காவில் தன் வீட்டில் இருந்தபோது வெவ்வேறு திசைகளிலிருந்து ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டுப் போடுவதைக் கேட்டுத்தான் இந்த யோசனை பிறந்தது என்றார் ஸ்டூவர்ட். ஆடி வெள்ளியன்று திண்டிவனம் சாலையில் பத்து நிமிடம் நின்றிருந்தால் ஜமைக்கா செலவு மிச்சமாகியிருக்கும். அந்த ஆல்பத்தில் ஜாகர் ‘சத்யமேவ ஜயதே’ என்று பாடுகிறார். அந்தக் குழுவும் ஒரே ஆல்பத்தோடு சரி.

மரக்காணம் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்களுக்கும் பெயர் உண்டு. பேனரில் முருகன் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றின் பாட்டும் ஆல்பம் ஆகாது, ஏனென்றால் பாட்டு அவர்களுடையதல்ல. ஐப்பசி அடைமழையில் பாத்திகள் மூழ்கி உப்பள வேலை நிற்கும், கச்சேரியும் நிற்கும். மறுபடி தை, மாசியில் உப்பு வாரத் தொடங்கும்போது மாசி மகத் தீர்த்தவாரிக்கு மேடை போடுவார்கள், முன்பணம் கைமாறும்.

அடுத்த வாரம்: பக்கிங்காம் கால்வாயில் மரக்காணத்து உப்பை ஏற்றிச் சென்னைக்குப் போன படகுகள்.

(தொடரும்)