அருமண் தனிமங்கள்: பெயர்களில் பதிந்த வரலாறு

லாந்தனம் முதல் லுட்டேசியம் வரையுள்ள 15 தனிமங்களும், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய இரண்டும் சேர்ந்த 17 உலோகங்கள் அருமண் தனிமங்கள் எனப்படுகின்றன. பெயர் சொல்வதுபோல் இவை மண் அல்ல. புரோமீத்தியம் தவிர மற்றவை மிக அரியவையும் அல்ல. நீரில் கரையாத, தீயில் மாறாத ஆக்சைடுகளை "மண்" என்று அழைப்பது 18 ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களின் வழக்கம். இப்புதிய மண் வகைகள் தொடக்கத்தில் அபூர்வமான கனிமங்களில் மட்டுமே கிடைத்ததால் "அரு" என்ற அடைமொழி சேர்ந்தது. உண்மையில் புவி மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உள்ளது. ஒன்றையொன்று ஒத்த வேதிப்பண்புகளால் இவற்றைத் தனித்தனியே பிரிப்பதே கடினம். இவற்றின் பல பெயர்கள் அந்தப் போராட்டத்தின் பதிவுகளாகும்.

ஓர் ஊர், நான்கு தனிமங்கள்

1787 இல் சுவீடன் நாட்டுப் படை அதிகாரி கார்ல் ஆக்செல் அரேனியசு, ஸ்டாக்ஹோம் அருகிலுள்ள இட்டர்பி கல்சுரங்கத்தில் கனமான கருங்கல் ஒன்றைக் கண்டார். 1794 இல் யோகான் கடோலின் அதில் புதிய மண் இருப்பதைக் காட்டினார். அது ஒரே பொருளன்று என்பதை 1843 இல் கார்ல் மொசாந்தர் கண்டறிந்தார். இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் ஆகிய நான்கும் அவ்வூரின் பெயரையே தாங்குகின்றன. இடையில் டெர்பியம், எர்பியம் ஆகியவற்றின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன. மாறிய பெயர்களே நிலைத்தன.

மறைந்தவரும் இரட்டையரும்

1801 இல் கண்டறியப்பட்ட சீரிசு என்ற சிறுகோளின் பெயரால் 1803 இல் சீரியம் பெயர் பெற்றது. அதனுள்ளிருந்து 1839 இல் மொசாந்தர் பிரித்தது லாந்தனம். "மறைந்திருத்தல்" என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. லாந்தனத்துக்கு இரட்டை எனக் கருதி 1841 இல் அவர் பெயரிட்ட டிடிமியம், தனிமமே அன்று. 1885 இல் ஆவர் வான் வெல்சுபாக் அதைப் பிரசியோடைமியம் (பசிய இரட்டை), நியோடைமியம் (புதிய இரட்டை) எனப் பிரித்தார். 1886 இல் கிடைத்த டிசுப்ரோசியம் "எளிதில் எட்டாதது" எனப் பொருள்படும்.

எத்தனை தனிமங்கள் இன்னும் மீதமுள்ளன என்பது 1913–14 இல் மோசுலியின் எக்சு-கதிர் ஆய்வுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. வெற்றிடமாயிருந்த 61 ஆம் எண்ணுக்குரிய தனிமம் 1945 இல் அணு உலையின் பிளவுப் பொருட்களில் கிடைத்தது. கடவுளரிடமிருந்து நெருப்பைத் திருடிய புரோமீத்தியசின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

பயன்கள்

வெல்சுபாக் உருவாக்கிய எரிவாயு விளக்கு மேண்டிலில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் இருந்தன. பெட்ரோமாக்சு விளக்கும் இத்தகைய மேண்டிலால் ஒளிர்ந்தது. தோரியத்துக்காக மோனசைட்டு மணல் தேடப்பட்டபோது, 1909 இல் செருமானியரான சோம்பர்க் அதை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டறிந்தார். அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

இன்று நியோடைமியம், இரும்பு, போரான் கலந்த காந்தங்கள் மின்சார வாகனங்களிலும் காற்றாலைகளிலும் பயன்படுகின்றன. வெப்பத்தில் அவை காந்தத் தன்மையை இழக்காமலிருக்க டிசுப்ரோசியம் சேர்க்கப்படுகிறது. ஒளியிழைகளில் செல்லும் சைகைகளை எர்பியம் வலுப்படுத்துகிறது. எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் கடோலினியச் சேர்மங்கள் உதவுகின்றன.

முன்பு மோனசைட்டில் தோரியமே நாடப்பட்டது. இன்று அருமண் தனிமங்களே முதன்மையாக நாடப்படுகின்றன. கதிரியக்கமுள்ள தோரியமோ பாதுகாத்து வைக்க வேண்டிய சுமையாகிவிட்டது. கன்னியாகுமரிக் கடற்கரை மக்கள் மணல் அள்ளுவதை எதிர்ப்பதற்கு இக்கதிரியக்கம் பற்றிய அச்சமும் ஒரு காரணமாகும்.