ஒன்றும் ஒன்றும் எப்போது மூன்றாகும்?

வாழப்பாடியில் எங்கள் வீட்டு வேலியோரம் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கிறது. சுடுகாட்டுப் பூ என்று சொல்லிப் பூசைக்கு எடுக்காதவர்களும் உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது இதற்கு ‘பெர்வாஞ்ஷ்’ என்று பெயர் சொல்லித் தந்தார்கள். இது மருந்து என்று யாரும் சொல்லவில்லை.

1962-இல் என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய். ஆடியில் காய்ச்சல் கண்டது. தீபாவளிக்கு அவன் இல்லை.

அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவில் ஃபிரெய், ஃப்ரைரைக் என்ற இரு மருத்துவர்கள் குழந்தைகளுக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, இந்தப் பூச்செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின். இன்னொன்று மெத்தோட்ரெக்சேட், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையேற்ற லெடர்லே ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. மற்றவை மெர்காப்டோப்யூரினும் பிரெட்னிசோனும். ஒற்றை மருந்தில் நோய் தணியும், சில மாதங்களில் திரும்பிவிடும். ஒன்றிடம் தப்பிய அணுவை மற்றொன்று பிடிக்கட்டும் என்பதே யோசனை.

சரி, சேர்ப்பதால் லாபமா என்று எப்படி அளப்பது? 1939-இல் பிளிஸ் என்பவர் சொன்ன கணக்கு எங்கள் ஆபீஸ் கணக்கு போலத்தான். 100 அணுக்களில் முதல் மருந்து தனியாக 50-ஐக் கொல்லும். இரண்டாவது தனியாக 40-ஐ. சேர்த்தால் 90 என்று கூட்டக்கூடாது. மீதி 50-இல்தான் இரண்டாவது நூற்றுக்கு நாற்பது வீதம், அதாவது 20-ஐக் கொல்லும். ஆக 70. உண்மையில் 85 செத்தால் இரண்டும் கைகோத்திருக்கின்றன. 55 என்றால் ஒன்றையொன்று தடுக்கின்றன. 1984-இல் சௌ, தலாலே இருவரும் மருந்தின் அளவையும் சேர்த்து ஓர் எண் தந்தார்கள்: 1-க்குக் கீழே என்றால் துணை, மேலே என்றால் பகை. ஆனால் கண்ணாடித் தட்டில் வருகிற கணக்கு உடம்பில் அப்படியே வராது; நஞ்சும் சேர்ந்தே கூடும்.

1980-களின் நடுவில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற பல மருந்து முறையைக் கையாண்டன. பிழைத்த குழந்தைகள் கூடினார்கள்.

என் தங்கை பேரனும் பல மருந்து வைத்தியத்தில் பிழைத்தவன். ஊசிக்குப்பியில் வின்கிரிஸ்டின் என்ற பெயரைப் படித்தபோது எனக்கு அந்தத் தோழன் முகம்தான் வந்தது.

ஒரு வார்த்தை: சர்க்கரைக்கு, கட்டிக்கு என்று இந்தச் செடியைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். விஷச்செடி. மருந்தாக்குவது அளவுதான்.