டிண்டிங்ஸ்: ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சூராட் பெரானாக்

பாட்டி இறந்த பிறகு அவருடைய பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். உள்ளே இரண்டு சூராட் பெரானாக் இருந்தன. ஒன்று 1931இல் பிறந்த பாட்டியுடையது. இன்னொன்று 1937இல் பிறந்த அவர் தம்பியுடையது. இரண்டு பேரும் லுமுட்டில் ஒரே அத்தாப்பு வீட்டில் பிறந்தவர்கள். அப்பாவுக்கு ரோட்டு வேலை. வீடும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. ஆனால் பாட்டியின் தாளில் நீரிணைக் குடியேற்றங்கள் என்றும் டிண்டிங்ஸ் என்றும் இருந்தது. தம்பியின் தாளில் இருந்தது பேராக்.

எண்பதுகளில் பாட்டியின் சிவப்பு ஐசியை மாற்ற அம்மா அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒரு கவுண்டரில் இருந்த இளைஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிண்டிங்ஸா? அது எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாராம். அம்மாவுக்கும் பதில் தெரியவில்லை. "லுமுட்டுதான் தம்பி" என்றிருக்கிறார். "அப்படின்னா பேராக்னுல்ல போட்டிருக்கணும்?" என்றாராம் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பங்கோர் ஒப்பந்தம் உண்டு, டிண்டிங்ஸ் இல்லை.

1874 ஜனவரி 20இல் புளூட்டோ என்ற கப்பலில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் நமக்குத் தெரிந்தது ஆறாவது ஷரத்து. சுல்தான் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்று, மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற விஷயங்களில் அவர் யோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது. தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். பதினோராவது ஷரத்தை யாரும் படிப்பதில்லை. பங்கோர் தீவை ஆங்கிலேயருக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1826இலேயே, கேப்டன் ஜேம்ஸ் லோ பேராக்குக்கு வந்தபோது போடப்பட்டுவிட்டது. கடற்கொள்ளையரை அடக்கத் தீவு வேண்டும் என்பது அப்போது சொன்ன காரணம். அதன்பின் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அந்தப் பக்கம் யாரும் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. 1874இல், பழைய ஒப்பந்தம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது, எல்லையைத் திருத்துகிறோம் என்று சொல்லி, தீவுக்கு எதிரே இருந்த கரையோர நிலத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். திருத்தும்போது நிலம் கூடுகிறதே தவிர ஒருபோதும் குறைவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

மலாயில் டிண்டிங் என்றால் சுவர். ஆங்கிலேயர் அதற்கு ஒரு பன்மை விகுதி போட்டு டிண்டிங்ஸ் ஆக்கினார்கள். பேராக்கின் கரையில் இருந்துகொண்டு பேராக்கில் சேராத ஒரு துண்டு நிலம் அது. பினாங்குடன் சேர்த்து, நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாக அதை நிர்வகித்தார்கள்.

அவர்களுக்கு முன்பே இங்கே டச்சுக்காரர்கள் வந்து கை சுட்டுக்கொண்டவர்கள். ஈய வணிகத்தைத் தம் பிடியில் வைத்துக்கொள்ள 1670இல் பங்கோரின் தெலுக் கெடோங்கில் கோட்டை கட்டினார்கள். 1690இல் அது தாக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் செங்கல் சுவர் அதுதான். இதைவிடப் பழைய கதையும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. ராஜா சூரன் கங்கா நகரத்தை வென்றதாக செஜாரா மெலாயு சொல்கிறது. அந்த நகரம் புருவாஸ் பக்கம் இருந்தது என்று பலர் நம்புகிறார்கள். நம் மேடைகளில் அதைச் சொன்னால் கைதட்டு விழும். ராஜா சூரனை ராஜேந்திர சோழனாகவே ஆக்கிப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய வெற்றியைப் பற்றி அத்தனை பேசுகிற நாம், நம் பாட்டிமார் பிறந்த டிண்டிங்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

டிண்டிங்ஸ் வெளியுலகத்தில் பேசப்பட்டது ஒரு கொலையால். 1878 அக்டோபர் 26ஆம் தேதி இரவு, அங்கே கண்காணிப்பு அதிகாரியாக இருந்த கேப்டன் லாய்டைப் பங்கோரில் அவர் வீட்டிலேயே சீனர் கும்பல் ஒன்று வெட்டிக் கொன்றது. அவர் மனைவி தலையில் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார். அன்று விருந்தாளியாகத் தங்கியிருந்த எமிலி இன்னஸும் தாக்கப்பட்டு உயிர் தப்பினார். பின்னர் 1885இல் வெளியான தன் புத்தகத்தில் அந்த இரவை எழுதினார். கொலை நடந்து சில மாதங்களில் அந்த வழியாகக் கப்பலில் போன இசபெல்லா பேர்டும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாசீர் சாலாக்கில் 1875இல் கொல்லப்பட்ட பர்ச்சின் பெயர் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். லாய்டின் பெயரை யாருக்கும் தெரியாது. பர்ச்சின் சாவுக்குப் பின்னால் ஒரு நாட்டின் அரசியல் இருந்தது. லாய்டோ காவல் போதாத ஒரு தீவில் கொள்ளைக்குப் பலியானவர். ஆனால், பெயருக்கு ஓர் அதிகாரியை உட்காரவைத்துவிட்டு மறந்துபோன இடம் அது என்பதை அந்த ஒரு இரவு காட்டிவிட்டது.

ஆங்கிலேயரின் எதிர்பார்ப்பு எல்லாம் துறைமுகத்தின் மேல்தான். பங்கோர் அரணாக நிற்க, உள்ளே ஆழமான, அமைதியான நீர். கப்பல்கள் வந்து குவியும் என்று கணக்குப் போட்டார்கள். வரவில்லை. பேராக்கின் ஈயம் வேறு வழிகளில் வெளியே போனது. பினாங்கு பக்கத்திலேயே இருக்கும்போது லுமுட்டுக்கு யார் வருவார்கள்? மீன்பிடிப்பு, கொஞ்சம் விவசாயம், பிறகு ரப்பர். வளர்ச்சி வந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம். 1903இல் மெதடிஸ்ட் மிஷன் ஏற்பாட்டில் ஃபூச்சோவிலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் பேராக் அரசு கொடுத்த நிலத்தில் சித்தியவானில் குடியேறின. லுமுட்டிலிருந்து இன்று காரில் கால் மணி நேரம். அன்று அது வேறு ஆட்சி.

கடைசியில், 1935 பிப்ரவரியில், சுல்தான் இஸ்கந்தர் காலத்தில் டிண்டிங்ஸைப் பேராக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 61 ஆண்டு ஆட்சி முடிந்தது. சண்டை இல்லை, ஊர்வலம் இல்லை. ரோட்டு வேலைக்காரரான கொள்ளுத் தாத்தாவுக்கு மறுநாளும் அதே ரோடு, அதே மண்வெட்டி.

ஆனால் காகிதத்தில் அது சின்ன விஷயமில்லை. நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் மண். அங்கே பிறந்தவர் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. பேராக் பாதுகாப்பு பெற்ற மலாய் மாநிலம். அங்கே பிறப்பு மட்டும் அந்தத் தகுதியைத் தராது. அப்பா மதராஸ் மாகாணத்தில் பிறந்தவர் என்றால் அவர் வழியாக வருகிற கணக்கு வேறு. 1946இல் நீரிணைக் குடியேற்றங்களே கலைக்கப்பட்டன. 1948இல் கூட்டரசு உருவானபோது பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்து நிரந்தரமாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்குக் குடியுரிமை தானாகவே வந்தது. மலாய் மாநிலங்களில் இருந்த மலாய்க்காரர் அல்லாதவருக்கு நிபந்தனைகள் அதிகம். பாட்டியின் தாள் பினாங்கோடு சேர்ந்திருந்த காலத்துத் தாள். ஊரோ அதற்குள் பேராக் ஊராகியிருந்தது.

பழியை முழுக்க டிண்டிங்ஸ் தலையில் போட எனக்கு மனமில்லை. மெர்டேக்காவுக்குப் பிறகு ஓராண்டுவரை, இங்கேயே பிறந்தவர்கள் மொழித் தேர்வு இல்லாமல் விண்ணப்பிக்க வழி இருந்தது. தம்பி, அதாவது எங்கள் சின்னத் தாத்தா, யாரோ சொல்லிக் கேட்டு அப்போதே விண்ணப்பித்து நீல ஐசி வாங்கிவிட்டார். பாட்டி அதற்குள் கல்யாணமாகி ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். லயத்துக்கு வந்து சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நம் தலைவர்களும் உண்டு.

திருப்பிக் கொடுத்த பிறகும் டிண்டிங் என்ற பெயர் பேராக்கில் ஒரு மாவட்டத்துக்கு நிலைத்திருந்தது. 1982இல் அதையும் மாற்றி மஞ்சோங் என்று வைத்தார்கள். இப்போது அந்தப் பெயர் ஆற்றிலும் நீரிணையிலும் இருக்கிறது. அப்புறம் பேரங்காடியில் உறைந்த கோழி பாக்கெட்டில்.

போன மாசி மகத்துக்குப் பங்கோர் பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போக லுமுட் படகுத்துறையில் வரிசையில் நின்றபோது, சின்னத் தாத்தாவிடம் அந்த இரண்டு தாள்களையும் போனில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா வெள்ளக்காரன் ஊர்ல பொறந்திருக்கு, நான் சுல்தான் ஊர்ல. அது அப்பவே சொல்லியிருந்தா சண்டையில ஜெயிச்சிருப்பேன்" என்று சிரித்தார். பிறகு, "அந்த வீடு அங்கதான் இருந்துச்சு" என்று கார் நிறுத்தும் அடுக்குமாடியைக் கை காட்டினார்.