விளைபொருள் தரகு: இஸ்லாமியச் சட்ட நோக்கு

விளைபொருளை விற்றுக் கொடுத்துக் கூலி பெறும் தரகரை இஸ்லாமியச் சட்ட நூல்கள் 'சிம்சார்' என்றும் 'தல்லால்' என்றும் குறிக்கின்றன. திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரின் உழவர் அறிந்த கமிஷன் மண்டியைப் போன்ற ஏற்பாடு பற்றிய வழக்கு மதீனாவிலேயே எழுந்தது. வெளியூரிலிருந்து சரக்கு கொண்டு வருபவருக்காக ஊர்க்காரர் விற்கலாகாது என்று நபிகள் தடுத்ததைப் புகாரி, முஸ்லிம் இருவரின் நபிமொழித் தொகுப்புகளும் பதிவு செய்கின்றன. தரகராக இருக்கக் கூடாது என்பதே இதன் பொருள் என நபித்தோழர் இப்னு அப்பாஸ் விளக்கினார். வரும் சரக்கை வழியிலேயே மடக்கி வாங்குவதும், வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதும் விலக்கப்பட்டன.

ஆனாலும் தரகுக் கூலி ஒழியவில்லை. அதற்கெனத் தனித் தலைப்பே வைத்த புகாரி, இப்னு சீரீன், அதா முதலிய முற்கால அறிஞர்கள் அதில் குற்றம் காணவில்லை என்கிறார். ஷாஃபிஈ மரபின் அறிஞர்கள், ஊர்க்காரர் விற்கலாகாது என்ற தடையின் எல்லையைக் குறுக்கினர்: அன்றைய விலைக்கு விற்க வந்தவரைத் தடுத்து, சரக்கைத் தன்னிடம் விட்டுப்போனால் மெல்லக் கூடுதல் விலைக்கு விற்றுத் தருவதாகச் சொல்வதே குற்றம். அதாவது, அந்தத் தடை முதலில் காத்தது ஊரில் வாங்கி உண்பவர்களை. தரகரால் உழவர் நசுங்குவது பற்றிய இன்றைய முறையீடு அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது.

கொங்கு நாட்டு ராவுத்தர் முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி மரபுக்கு இடைஞ்சல் வேறு. எவ்வளவு உழைத்தால் சரக்கு விற்கும் என்று முன்கூட்டித் தெரியாததால், தரகுக் கூலி ஒப்பந்தம் குறையுடையது என்பது அடிப்படை விதி. மக்களின் தேவையையும் நடைமுறையையும் முன்னிட்டு அதை அனுமதித்த கருத்தை டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) எடுத்துரைக்கிறார். கூலி யார் தலையில் என்பதற்கு 17ஆம் நூற்றாண்டின் ஹனஃபி அறிஞர் ஹஸ்கஃபி சொன்ன தீர்வு மண்டிக்கு அப்படியே பொருந்தும். உரிமையாளரின் அனுமதியுடன் தரகரே விற்றால் கூலி விற்பவர் பொறுப்பு. தரகர் இருவரையும் இணைத்துவைக்க, உரிமையாளரே விற்றால் ஊர் வழக்கம் முடிவு செய்யும். சொன்ன விலைக்கு மேல் கிடைத்த பணம் தரகருக்கா? இப்னு அப்பாஸ் அப்படிப் பேசிக்கொள்வதை ஏற்றார். 1876இல் நிறைவுற்ற உதுமானியர் சட்டத் தொகுப்பான மஜல்லா, உபரியை உரிமையாளருக்கே கொடுத்தது.

திருப்பூர் வட்டாரம் இதே சிக்கலை அரசுச் சட்டத்தால் தீர்க்கப் பார்த்தது. 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் பருத்திக்காகத் திருப்பூரில் அமைந்தது. இன்றைய கூடங்களில் மறைமுக ஏலம் நடக்கிறது; சந்தைக் கட்டணம் வியாபாரியைச் சேர்ந்தது, உழவருக்குத் தரகு இல்லை. காய்கறிக்கு 1999 முதல் உழவர் சந்தைகள் வந்தன. எனினும் மண்டியைத் தாங்கி நிற்பது முன்பணம். விதைக்கும் உரத்திற்கும் மண்டிக்காரர் கொடுக்கும் கடன், விளைச்சலை அவரிடமே கொண்டுவரச் செய்கிறது. இந்த இடத்தில் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் கண்டிப்பானவர்கள்: கடனைக் காரணம் காட்டி வழக்கத்தைவிடக் கூடுதல் கமிஷன் பிடித்தால், அந்தக் கூடுதல் தொகை வட்டியின் கணக்கில் சேரும்.