அறிவியல் விருதுத் தேர்வில் நலமுரண்

அறிவியல் விருதுத் தேர்வில் நலமுரண் என்பது, விருதுக்கு உரியவரைத் தெரிவு செய்யும் பொறுப்பில் உள்ள ஒருவருக்கு, அத்தெரிவின் முடிவோடு தனிப்பட்ட தொடர்பு இருக்கும் நிலையைக் குறிக்கும். இத்தொடர்பு உறவு, நட்பு, போட்டி, பணம், பணியிடம் என எதன் வழியாகவும் அமையலாம். நலமுரண் ஒரு நிலை மட்டுமே. அது குற்றம் அன்று. நடுவர் நேர்மையாக நடந்துகொண்டாலும் அந்நிலை நீங்குவதில்லை. எனவே இதனைக் கையாளும் விதிகள், நடுவரின் நாணயத்தை அளவிட முயல்வதில்லை. தொடர்பை முன்கூட்டியே வெளிப்படுத்தி, முடிவெடுக்கும் இடத்தில் இருந்து அதனை விலக்கி வைக்கவே முயல்கின்றன.

தோன்றும் காரணங்கள்

அறிவியல் கழகங்கள் வழங்கும் விருதுகளுக்கு அந்தந்தத் துறையை நன்கு அறிந்தவர்களே நடுவர்களாக இருக்க முடியும். சிறிய துறைகளில் இத்தகையோர் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாகவே இருப்பர். இதனால் தகுதி வாய்ந்த நடுவரே நலமுரண் உள்ளவராகவும் இருப்பது இயல்பாக நிகழ்கிறது. பொதுவாகக் காணப்படும் தொடர்புகள் பின்வருமாறு:

* ஆய்வு நெறியாளர், மாணவர் உறவு
* இணைந்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருத்தல்
* ஒரே பல்கலைக்கழகத்தில் அல்லது துறையில் பணியாற்றுதல்
* குடும்ப உறவு, நெருங்கிய நட்பு
* ஒரே கண்டுபிடிப்புக்கு உரிமை கோரும் போட்டி, பழைய கருத்து மோதல்
* பங்குகள், காப்புரிமம், ஆலோசனைக் கட்டணம் முதலிய பணத் தொடர்புகள்

நலமுரணும் பக்கச்சார்பும் ஒன்றல்ல. ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் இயற்பியலுக்கான நோபல் குழுவில் இருந்தபோது, ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டை ஏற்காமல் அறிக்கை அளித்தார். ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் பரிசு, ஓராண்டு தள்ளி 1922இல், ஒளிமின் விளைவு தொடர்பான பணிக்காகவே வழங்கப்பட்டது. கோட்பாட்டின் மீது ஒருவர் கொள்ளும் ஐயம் அறிவு சார்ந்த கருத்து ஆகும். அதனை விலகல் விதிகளால் நீக்க இயலாது. பல நடுவர்களின் கருத்தைப் பெறுவதே அதற்குத் தீர்வு.

வரலாற்று எடுத்துக்காட்டுகள்

ரம்ஃபோர்டு பதக்கம்: ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன் 1796இல் அளித்த நன்கொடையைக் கொண்டு, இலண்டன் அரச கழகம் இப்பதக்கத்தை நிறுவியது. முதல் பதக்கம் ரம்ஃபோர்டுக்கே வழங்கப்பட்டது. வெப்பம் பற்றிய அவரது ஆய்வுகள் சிறப்புடையவை என்றாலும், நிதி அளித்தவரே விருதையும் பெற்ற நிகழ்வாக இது அமைந்தது.

மெண்டலீவும் அரீனியசும்: 1906இல் வேதியியலுக்கான நோபல் குழு, தனிம அட்டவணையை உருவாக்கிய திமீத்ரி மெண்டலீவைப் பரிந்துரைத்தது. ஆனால் சுவீடன் அரச அறிவியல் கழகம் அதனை ஏற்காமல், புளோரினைப் பிரித்தெடுத்த பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி முவாசானுக்குப் பரிசை அளித்தது. இம்முடிவில் ஸ்வாந்தே அரீனியசின் செல்வாக்கு இருந்ததாக வரலாற்றாய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். அரீனியசின் மின்பகுப்புக் கோட்பாட்டை மெண்டலீவ் கடுமையாக விமர்சித்திருந்தார். அக்கோட்பாட்டுக்காகவே அரீனியசு 1903இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். அவர் வேதியியல் குழுவின் உறுப்பினர் அல்லர். இயற்பியல் குழுவிலேயே இருந்தார். எனினும் கழகத்தினுள் அவரது சொல்லுக்கு மதிப்பிருந்தது. குழுவுக்கு வெளியில் இருந்தும் நலமுரண் செயல்படக்கூடும் என்பதற்கு இது சான்றாகும். மெண்டலீவ் நோபல் பரிசு பெறாமலேயே 1907 பெப்ரவரியில் காலமானார்.

குழு உறுப்பினர்களே பரிசு பெறல்: மான்னே சீக்பான் (இயற்பியல், 1924), தியோடர் ஸ்வெட்பெரி (வேதியியல், 1926) ஆகியோர், தாம் உறுப்பினராக இருந்த துறையின் நோபல் பரிசையே பெற்றனர். இருவரது பணிகளின் தகுதியும் பின்னர் உறுதிப்பட்டது. ஆயினும் சக உறுப்பினரை மதிப்பிட வேண்டிய நிலை மற்ற நடுவர்களுக்கு ஏற்பட்டது.

2008 மருத்துவப் பரிசு: மனித பாப்பிலோமா தீநுண்மம் பற்றிய ஆய்வுக்காக எரால்டு சூர் ஹவுசனுக்குப் பரிசின் ஒரு பாதி வழங்கப்பட்டது. இத்தீநுண்மத்துக்கு எதிரான தடுப்பூசியால் வருவாய் பெற்ற அசுட்ராசெனெக்கா நிறுவனம், நோபல் அறக்கட்டளை சார்ந்த இணைய, ஊடக அமைப்புகளுக்கு நிதி அளித்திருந்தது. வாக்களிக்கும் நோபல் பேரவையின் உறுப்பினர் ஒருவர் அந்நிறுவனத்தின் இயக்குநர் அவையிலும் இருந்தார். இதுபற்றிச் சுவீடனின் ஊழல் தடுப்பு வழக்குத்தொடுநர் தொடக்கநிலை விசாரணை மேற்கொண்டார். பரிசு மாற்றப்படவில்லை.

கையாளும் முறைகள்

1. வெளிப்படுத்தல்: வேட்பாளர் பட்டியல் கிடைத்தவுடன், ஒவ்வொரு நடுவரும் தமக்குள்ள தொடர்புகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் எழுத்தில் தருவது நன்று.
2. விலகியிருத்தல்: வாக்களிக்காமல் இருப்பது மட்டும் போதாது. தொடர்புடைய வேட்பாளர் பற்றிப் பேசப்படும்போது நடுவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். ஒருவரைத் தாழ்த்துவது மற்றவரை உயர்த்துவதாகும் என்பதால், இறுதிச் சுற்றில் போட்டியிடும் பிற வேட்பாளர்களையும் அவர் மதிப்பிடலாகாது.
3. கால வரையறை: எவ்வளவு பழைய தொடர்பு கணக்கில் கொள்ளப்படும் என்பதை முன்பே அறிவிக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஆய்வு நல்கை மதிப்பீட்டில் கடந்த 48 மாதங்களில் இணைந்து கட்டுரை எழுதியோரை நலமுரண் உள்ளவராகக் கொள்கிறது. முனைவர் பட்ட நெறியாளர் உறவுக்கு அங்கு கால வரம்பு இல்லை.
4. தகுதியின்மை: குழுவில் இருக்கும் காலத்தில் உறுப்பினர்கள் அவ்விருதுக்கு வேட்பாளராக இயலாது என விதித்தல்.
5. தலைவருக்கு மாற்று: குழுத் தலைவருக்கே நலமுரண் இருப்பின், அவ்வமர்வை நடத்த வேறொருவரை நியமித்தல்.
6. சுழற்சி: உறுப்பினர் பதவிக்கு உச்ச வரம்பு விதித்தல். அரீனியசு தொடக்க காலம் முதல் 1927இல் இறக்கும் வரை நோபல் குழுவில் நீடித்தார்.
7. பதிவு: யார், எப்போது, எதற்காக விலகினார் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுதல்.

வரம்புகள்

ஆய்வுக் கட்டுரைகளின் மதிப்பீட்டில் ஆசிரியர் பெயரை மறைப்பது உண்டு. ஒருவரது வாழ்நாள் பணியை மதிப்பிடும் விருதுகளில் இம்முறை பயன்படாது. விதிகளை மிகக் கடுமையாக்கினால் துறையை அறிந்த நடுவர் எவரும் எஞ்சாமல் போகலாம். இந்நிலையில் தொடர்புடையவரிடம் எழுத்தில் தொழில்நுட்பக் கருத்து மட்டும் பெற்று, முடிவைப் பிறரிடம் விடுவது ஒரு வழியாகும்.

இரகசியம் மற்றொரு தடையாகும். நோபல் பரிந்துரைகளும் குழு அறிக்கைகளும் 50 ஆண்டுகளுக்கு வெளியிடப்படுவதில்லை. இது நடுவர்களை வெளி அழுத்தத்தில் இருந்து காக்கிறது; எனினும் தவறு நிகழ்ந்திருப்பின், அது தெரியவரும்போது பாதிக்கப்பட்டவர் உயிருடன் இல்லாமல் இருக்கலாம். எனவே இரகசியம் பேணும் கழகங்களில், விலகல் விதிகள் கூட்டம் நடக்கும் நாளிலேயே செயற்பட வேண்டியது இன்றியமையாததாகிறது.

இவற்றையும் பார்க்க

* நோபல் பரிசு
* சக மதிப்பாய்வு
* அறிவியல் நெறிமுறை
* திமீத்ரி மெண்டலீவ்