ஒரு தகர டப்பாவின் கதை

ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம் ஆகாது. ஆப்பிள் II தயாராகிக்கொண்டிருந்த நேரம். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். ஃபேன் இல்லையென்றால் உள்ளே சூடு வரக்கூடாது. சூட்டுக்கு முக்கியக் காரணம் பவர் சப்ளை. அதாவது, சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, சிப்புகள் தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிற தகர டப்பா.

அடாரியில் இருந்த ராட் ஹோல்ட்டைப் பிடித்தார். ஓயாமல் சிகரெட் பிடிக்கிற, மார்க்சியம் பேசுகிற இன்ஜினீயர். ஒரு நாளைக்கு 200 டாலர் ஆகும் என்றார் ஹோல்ட். பிரச்னையே இல்லை என்றார், கையில் காசில்லாத ஜாப்ஸ்!

அன்றைய பவர் சப்ளைகள் எப்படி என்றால், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையில் விடுகிற மாதிரி. மிச்சமெல்லாம் சூடாகப் போகும். ஹோல்ட் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு நொடிக்குள் பல்லாயிரம் தடவை அப்படிச் செய்து தேவையானதை மட்டும் பிடித்தார். இதற்கு ஸ்விட்சிங் முறை என்று பெயர். 1977-ல் வந்த ஆப்பிள் II-ல் இருந்தது அதுதான். 38 வாட். ஃபேன் கிடையாது.

எல்லாரும் ஹோல்ட்டைத்தான் காப்பியடித்தார்கள் என்று ஜாப்ஸ் பின்னாளில் சொன்னார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1962-ல் பறந்த டெல்ஸ்டார் செயற்கைக்கோளிலேயே ஸ்விட்சிங் சப்ளை உண்டு. 1970-ல் ராபர்ட் போஷெர்ட் என்பவர் வேலையை விட்டுவிட்டு சமையலறை மேஜையில் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார். வேகமான டிரான்சிஸ்டர்கள் விலை இறங்கின, எல்லாரும் அந்தப் பக்கம் வந்தார்கள். அவ்வளவுதான்.

1981-ல் ஐபிஎம் பிசி. அதன் சப்ளை 63.5 வாட். இதை உடைத்துப் பார்த்தால் 35 வாட் 5 வோல்ட்டில், 24 வாட் 12 வோல்ட்டில், மிச்சம் சில்லறை. காமர்ஸ் படித்தவன் புத்தி, கூட்டுத்தொகையை விட்டுவிட்டு அயிட்டங்களைத்தான் பார்க்கும். இங்கே அந்தப் புத்தி உதவும். சிப்புகள் அன்று தின்றது பெரும்பாலும் 5 வோல்ட். 2000-ல் பென்டியம் 4 வந்தபோது கதை மாறியது. பிராசசரின் பசி எகிறிவிட்டது. குறைந்த வோல்ட்டில் அத்தனை வாட் அனுப்பினால் கரன்ட் அதிகமாகி ஒயர் சுடும். அதனால் 12 வோல்ட்டில் அனுப்பி, மதர்போர்டில் குறைத்துக்கொள்வது என்று முடிவானது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதே வழிதான்.

மட்டமான டப்பாக்களோ பழைய கணக்கிலேயே இருந்தன. யாருக்கும் வேண்டாத 5, 3.3 வோல்ட்டில் வாட்டைக் கொட்டி, மொத்தத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள். ஆகவே, கேமிங் கம்ப்யூட்டருக்கு சப்ளை வாங்கப் போனால் அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு டப்பாவின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? 1000 வாட் என்றால் சுமார் 83 இருக்கவேண்டும்.

எத்தனை வாட் போதும்? 2025-ல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட். கோர் ஐ9-14900கே மாதிரி பிராசசர் உச்சத்தில் 253. ஆச்சா, 828. மற்ற உதிரிகளையும் சேர்த்தால் 1000-க்குக் கீழே இறங்க முடியாது. இன்னொரு வில்லங்கம், இந்தக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சொன்னதைவிட எக்கச்சக்கமாக இழுக்கும். பழைய சப்ளை பயந்துபோய் அணைந்துவிடும். விளையாட்டு நடுவில் போச்சு! 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கு சுமையைத் தாங்கச் சொல்கிறது. அந்த முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

2004-ல் வந்த 80 ப்ளஸ் முத்திரை வேறு சமாசாரம். தங்கம், வெள்ளி, வெண்கலமெல்லாம் 2008-ல் சேர்ந்தன. அவை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும். டப்பா எத்தனை வருஷம் உழைக்கும் என்று தங்கம் சொல்லாது. சோதனையும் சுமார் 23 டிகிரி அறையில். மே மாதச் சென்னை அறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒயர். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090, 12விஹெச்பிடபிள்யூஆர் என்று வாயில் நுழையாத பெயருள்ள கனெக்டரோடு வந்தது. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அதன் வழியே 600 வாட் வரை போகலாம். அதாவது 50 ஆம்பியர், ஆறே ஒயரில். சில வாரங்களில் பிளாஸ்டிக் உருகிய படங்கள் வர ஆரம்பித்தன. சரியாகச் சொருகாததுதான் காரணம் என்றது என்விடியா. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களுக்கு இந்தப் பதில் எப்படி இருந்திருக்கும்! 2023-ல் கனெக்டரைத் திருத்தினார்கள். முழுசாகச் சொருகாவிட்டால் கார்டுக்கு மின்சாரமே போகாதபடி சின்ன பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள். அப்படியும் 5090-ல் சில உருகின.

எனவே 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். வாய்க்குப் பக்கத்திலேயே ஒயரை மடக்காதீர்கள். பழைய டப்பாவின் ஒயரைப் புதியதில் மாட்டவே மாட்டாதீர்கள். கார்டு பக்கத்து முனைக்குத்தான் பொது விதி. டப்பா பக்கத்தில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.