புண்ணாக்கு போன வழி

கடலை எண்ணெயில் மண்ணின் சத்து அநேகமாகக் கிடையாது. காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் செடி சேர்த்ததுதான் எண்ணெயாகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் புண்ணாக்கில் தங்கிவிடுகின்றன. ஆகையால் எண்ணெயை எவ்வளவு விற்றாலும் காடு இளைக்காது, புண்ணாக்கை விற்றால் இளைக்கும். சாத்தூர்ப் பக்கத்துக் கடலைக் காட்டுக்கு எரு வந்த கதையைச் சொல்வதென்றால், புண்ணாக்கு எங்கே போயிற்று என்றுதான் முதலில் தேட வேண்டும்.

சாத்தூர் என்றாலே கரிசல். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அதில் விளையும். கடலைக்குக் கரிசல் அவ்வளவு தோதில்லை. காய்ந்தால் இறுகிவிடும், செடியைப் பிடுங்கினால் பாதிக் காய் மண்ணுக்குள் அறுந்து நிற்கும். எங்கள் வீட்டில் ஊருக்கு மேற்கே கிடந்த செவல் துண்டில்தான் கடலை போட்டோம்.

கடலையே நம்முடையதல்ல, தென் அமெரிக்காவில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டில் ஏக்கர் ஏக்கராகப் பரவியதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரரின் சோப்பும் எண்ணெயும். புதுச்சேரியிலிருந்து மார்செய் துறைமுகத்துக்குக் கடலை கப்பலேறியது. எண்ணெய் அங்கே ஆட்டப்பட்டது, புண்ணாக்கும் அங்கேயே நின்றது. நம் செவலின் மணிச்சத்தைத் தின்று ஐரோப்பிய மாடு கொழுத்தது. இந்திய விவசாயத்தைப் பார்வையிட 1889இல் அனுப்பப்பட்ட வோல்க்கர் என்ற ஆங்கில வேதியியலாளர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் இந்தக் கவலையை எழுதியிருக்கிறார்: எண்ணெய் வித்தை முழுசாக ஏற்றுமதி செய்வது நிலத்தின் வளத்தை ஏற்றுமதி செய்வதுதான் என்று. வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளில் நான் மனசாரத் தலையாட்டியவை சில, அவற்றில் இது ஒன்று.

எங்கள் துண்டுக்கு எரு தந்தது ஆடு. காடு வெறுமையாகக் கிடக்கும் மாசி, பங்குனியில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு வருவார்கள், ராத்திரி அதைக் காட்டில் கிடை போடுவார்கள். தாத்தாதான் பேரம் பேசுவார். “கோனாரே, எத்தனை உருப்படி?” என்பார். “முந்நூறுக்குக் குறையாது அண்ணாச்சி” என்று பதில் வரும். தாத்தா தலையை எண்ணமாட்டார். காலையில் போய்ப் புழுக்கை எவ்வளவு அடர்த்தியாக விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். கூலி ஒரு காலத்தில் கம்பாகப் போனது, பிறகு காசானது. கிடையை ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி விடமாட்டார். வரப்போரத்திலும் மூலையிலும் ஆடு படுத்ததா என்று பார்ப்பார். விடிந்து மந்தை கிளம்பியதும் ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். புழுக்கையைவிட மூத்திரத்தில்தான் உடனே கிடைக்கும் சத்து, வெயில் ஏறினால் அது ஆவியாகப் போய்விடும். காரணம் இப்படி யாரும் அப்போது விளக்கவில்லை, உழவு மட்டும் தவறியதில்லை. கி.ரா.வின் ‘கிடை’ படித்தவர்களுக்கு ஆட்டுக்காரர் பக்கம் தெரிந்திருக்கும். கிடை அமர்த்திய சம்சாரி பக்கம் இது.

கிழக்கே வேம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆடுகள் வெள்ளை உடம்பில் செம்பொட்டு வைத்தவை. ஆட்டெருவில் தழைச்சத்து நூற்றுக்கு 3 பங்கு வரை உண்டு. தொழுவெருவில் அரைப் பங்குதான். அதனால்தான் ஆட்டெரு அந்த வருஷத்துக்கு, மாட்டெரு அடுத்த வருஷத்துக்கு என்றார்கள்.

ஆனால் கடலைக்கு எருவிலும் அளவு உண்டு. மக்காத குப்பையைக் கொட்டினால் கரையானும் வேர்ப்புழுவும் கூடவே வரும். தழைச்சத்து கூடினால் செடி கொழுகொழுவென்று ஓடும், காய் பிடிக்காது. அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறதே! சுண்ணாம்புச்சத்துதான் வேறு கதை. காய் அதை வேர் வழியாக வாங்காமல், சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சுகிறது. அதற்காக ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம், விதைத்த 40, 45ஆம் நாளில் மண் அணைக்கும்போது போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். இயற்கை விவசாயம் பேசும் சிலர் இதற்கும் முகம் சுளிக்கிறார்கள். பூமியில் வெட்டியெடுக்கிற கல் அது, நான் போடுகிறேன்.

செவலுக்குக் கண்மாய்க் கரம்பையும் அடிப்போம், கோடையில், வண்டி வண்டியாக. கண்மாய்கள் சீமைக்கருவேலத்துக்குப் போனபின் அது நின்றது. 2017இல் அரசு வண்டல் எடுக்க அனுமதி தந்தபோது அள்ள லாரிதான் வந்தது, மாட்டுவண்டி இல்லை.

1975இல் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை ஓடத் தொடங்கியது. யூரியா மூட்டை சாத்தூருக்கு வெகு பக்கமாகிவிட்டது. காற்றிலிருந்தே தழைச்சத்து எடுக்கும் கடலைக்கும் யூரியாவை வீசினோம், இலை கறுகறுவென்று இருந்ததில் மயங்கி. அதற்கு முன்பே, 1963 முதல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், மானாவாரி சம்சாரிக்குக் கட்டுப்படியாகாத இடுபொருளை வைத்துச் சோதனை நடத்துவதில் அர்த்தமில்லை என்று 1969இல் வெளியேறியிருந்தார். சாத்தூருக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த சங்கதி அது. எங்கள் ஊரில் அவர் பேர் தெரிய இன்னும் பல வருஷம் ஆனது.

எருவைக் கொன்றது யூரியா மட்டுமல்ல. தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் வாரக்கூலி கொடுத்தன. மாடு மேய்க்கவும் குப்பை சுமக்கவும் ஆளில்லை. ஆலைக்குப் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழை பொய்த்த வருஷத்தில் அந்தக் கூலிதான் சோறு போட்டது. டிராக்டர் வந்ததும் உழவு மாடு போனது, அதோடு கடலைக்கொடி தின்று சாணி போட்ட வாயும் போனது.

இப்போது மரச்செக்குகள் திரும்ப வந்திருக்கின்றன. 100 கிலோ பருப்பு ஆட்டினால் ஏறக்குறைய 55 கிலோ புண்ணாக்கு மிஞ்சும். அதில் 4 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருக்கிறது. பல செக்கில் ஆட்டுக்கூலிக்குப் பதில் புண்ணாக்கை எடுத்துக்கொள்கிறார்கள், நாமும் காசு மிச்சம் என்று எண்ணெய்த் தகரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறோம். அடுத்த முறை கூலியைக் காசாகக் கொடுத்துவிடுங்கள். புண்ணாக்கை வண்டியில் ஏற்றுங்கள், இருக்கிற ஒரு மாட்டுக்காவது போடுங்கள். மாடில்லாதவர்கள் ஊறவைத்துக் கரைத்துக் காட்டுக்கே ஊற்றுங்கள்.